வழி காட்டாத வரவேற்பு

பல தேசத்தாரும் பல மொழியினரும் கலந்து வாழும் நகரங்களில் பொது அலுவலகங்களை எவ்வாறு அமைப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம், கட்டிடக் கலைஞர்களும், கவுன்சில் அதிகாரிகளும், அவர்களோடு நம்மவரில் பொதுக்காரியங்களில் ஈடுபட்டிருக்கும் பலரும் ஏகமனதாக ஒரே பரிகாரத்தைச் சொல்லுகிறார்கள்: மொழிகளைக் கூட்டுங்கள் என்கிறார்கள். வாசலில் இருபது மொழிகளில் நல்வரவு எழுதவேண்டும். எழுத்தறியாதவருக்குச் சித்திரக் குறிகள் வைக்கவேண்டும். சுவர்களில் ஆப்பிரிக்க வேலைப்பாட்டையும் இந்தியக் கோலத்தையும் தீட்டவேண்டும். இவ்வளவும் செய்துவிட்டால் எந்த நாட்டிலிருந்து வந்தவரும் அந்தக் கட்டிடத்துக்குள் தம் வீட்டுக்குள் நடப்பதுபோல் நடப்பார் என்பது அவர்களுடைய சித்தாந்தம். இது நல்லெண்ணத்தில் பிறந்த அபிப்பிராயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்லெண்ணத்தில் பிறந்த காரணத்தினாலேயே இதை யாரும் உரைகல்லில் உரசிப் பார்க்கவில்லை என்பதும், உரசிப் பார்த்தால் இது செல்லாக் காசு என்பதும் என் கட்சி.

நான் ஸ்ட்ரெதத்தில் வசிப்பவன். தெற்கு லண்டனில் ஏ23 சாலையை முதுகெலும்பாகக் கொண்டு நீண்டு கிடக்கும் ஊர் இது. ஹை ரோடு என்று பெயர்பெற்ற அந்தச் சாலையின் ஒரு பக்கம் புனித லெனார்டு ஆலயத்தின் கோபுரம். மிட்சம் லேனுக்குத் திரும்பினால் முஸ்லிம்களின் பள்ளிவாசல். உள்தெருக்களில் குஜராத்திகளின் சுவாமிநாராயண் கோயிலும் யூதர்களின் ஜெப ஆலயமும். இவற்றுக்கிடையில் சோமாலியர், போலந்துக்காரர், கரீபியத் தீவினர், போர்த்துக்கீசியம் பேசுவோர், யாழ்ப்பாணத்தார் என்று எத்தனையோ ஜனங்கள் தத்தம் காரியங்களைப் பார்த்துக்கொண்டு நடமாடுகிறார்கள். 2002-ம் ஆண்டில் பி.பி.சி. வானொலி நேயர்கள் இந்த ஹை ரோட்டைப் பிரிட்டனிலேயே மிக மோசமான வீதி என்று வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். வாகன நெரிசலையும் புகையையும் நினைத்தால் அந்தத் தீர்ப்பை முற்றும் மறுக்க முடியாது. ஆனால் இந்த வீதியில் வழி தவறியவர் எவரையும் நான் கண்டதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வீதி ஒரே நேராகப் போகிறது. முக்கியமானவையெல்லாம் வீதியைப் பார்த்து நிற்கின்றன. "ஐஸ் ரிங்க் பக்கம்", "சர்ச் பக்கம்" என்று இரண்டு திசைகளைச் சொல்லிவிட்டால் அரை ஆங்கிலம் தெரிந்தவனும் கால் ஆங்கிலம் தெரிந்தவனுக்கு வழி சொல்லிவிடலாம்.

எங்கள் அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்து மாமி ஒருவர் இருக்கிறார். எழுபத்தைந்து வயது. தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். ஆங்கிலத்தில் எண்களையும் சில பெயர்களையும் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் இந்த மாநகரத்தில் அவர் போகாத இடமில்லை. டூட்டிங்கில் முத்துமாரி அம்மனைத் தரிசிக்க 57-ம் நம்பர் பஸ். க்ராய்டனில் மகள் வீட்டுக்கு 109. பேரனுடன் பட்டணம் பார்க்க 159. பஸ்ஸின் நெற்றியில் எண் பெரிதாக இருக்கிறது. எண்ணுக்கு மொழி கிடையாது. நேற்றுப் போன பாதையில்தான் அந்த எண் இன்றும் போகிறது. ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டு வருகிறது. ஐயம் வந்தால் முன்னால் டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஐந்து வசதிகளை வைத்துக்கொண்டு மாமி பல ஆண்டுகளாக லண்டனை ஆண்டுவருகிறார்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் ஓர் அலுவலகத்துக்குள் வழி தெரியாமல் நின்றார். வேறொரு வட்டாரத்தில் வசிக்கும் அவருடைய தங்கைக்கு நடமாட்டம் குறைவு. வாடகை உதவி சம்பந்தமாகக் கேட்டிருந்த காகிதங்களைக் கொடுத்துவரும் பொறுப்பை மாமி ஏற்றுக்கொண்டார். துணைக்கு நான் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்வதில் பயனில்லை. அதே அச்சில் வார்த்த கட்டிடங்கள் இந்த நாட்டில் நிறைய இருக்கின்றன. பஸ்ஸிலிருந்து இறங்கி வாசல்வரை மாமி எனக்கு முன்னால் நடந்தார். வாசலில், கண்ணாடிச் சுவர் முழுவதும், பல நிறங்களில் பல மொழிகளின் நல்வரவு. தமிழும் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு நேர்ந்திருக்கவேண்டும்: இரட்டைக் கொம்புகள் தமக்குரிய எழுத்தை விட்டு அயல் எழுத்தோடு ஒட்டி நின்றன, 'வரவேற்கிறோம்' என்று எழுத நினைத்திருக்கிறார்கள் என்று ஊகித்துத்தான் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

உள்ளே போனோம். ஒரே சாம்பல் நிறத்தில், ஒன்றுபோலவே மூன்று கதவுகள். நடுவில் டோக்கன் எடுக்கும் இயந்திரம். அதைத் தொட்டால் எந்தப் பிரிவு வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டது. அது காட்டிய பிரிவுகளின் பெயர்களோ, அலுவலகத்தார் தங்கள் வேலைகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட கணக்கில் வைத்த பெயர்கள்; ஆங்கிலத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டிய எனக்கே வாடகை உதவி அவற்றில் எதனுள் அடங்கும் என்று விளங்கவில்லை. பக்கத்தில் சித்திரக் குறிகள்: ஒரு வீட்டின் கீழே ஒரு கை; ஒரு குடையின் கீழே ஒரு நாணயம்; இரண்டு தலைகளுக்கு நடுவே ஒரு புள்ளிக் குமிழி. வாசலருகே இருந்த ஒரே மனிதர் காவற்காரர். அவர் இயந்திரத்தைக் கைகாட்டினார். எண்களை அழைக்கும் திரை ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. எங்கள் எண் வந்து போயிற்று. முதல் மாடிக்குப் போகவேண்டும் என்று கடைசியில் தெரிந்தபோது, மாடிப்படி ஒரு கதவுக்குப் பின்னால் மறைந்திருந்ததும், லிப்ட் சிப்பந்திகளின் அட்டைக்கு மட்டுமே திறக்கும் என்பதும் சேர்ந்தே தெரிந்தன. எங்களுக்கு அடுத்த நாற்காலியில் பத்து வயதுப் பெண் குழந்தையொன்று, பள்ளிச் சீருடையோடு, தன் தாய்க்காக ஒரு படிவத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. அன்று பள்ளி வேலை நாள்.

திரும்பி வரும்போது மாமி சொன்னார்: "தம்பி, வாங்கோ எண்டு எல்லாப் பாஷையிலையும் எழுதி வைச்சிருக்கினம், எங்கை போறதெண்டு ஒரு பாஷையிலையும் எழுதேல்லை."

மாமிக்கு மொழி தெரியாததே அன்றைய சங்கடத்துக்குக் காரணம் என்று சொல்பவர்கள், அதே மாமி அதே மொழியறிவோடு மூன்று பஸ் பாதைகளை எப்படி ஆளுகிறார் என்பதற்குப் பதில் சொல்லவேண்டும். மொழிப் பஞ்சம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஓரிடத்தில் அவர் ராணியாகவும் மற்றோரிடத்தில் அனாதையாகவும் இருந்தார் என்றால், வித்தியாசம் அவரிடத்தில் இல்லை, அந்தக் கட்டிடத்தின் அமைப்பில் இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் காணமுடியாதபடி ஒரு கட்டிடத்தைக் கட்டிவிட்டு, அந்தக் குறையை எழுத்தால் ஈடு செய்யப் பார்ப்பது, கூரையில் ஓட்டையை வைத்துக்கொண்டு வீடு முழுவதும் பாத்திரம் பரப்பி வைப்பதற்குச் சமானம். பலகைகள் பெருகப் பெருக, அமைப்பின் பிழை அவ்வளவு பெரிது என்றே நான் கணக்கிடுகிறேன்.

இங்கே என்னை எவரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2013 மார்ச்சில், அப்போது உள்ளூராட்சி அமைச்சராயிருந்த எரிக் பிக்கிள்ஸ், கவுன்சில்கள் தம் வெளியீடுகளை அயல்மொழிகளில் பெயர்ப்பதை நிறுத்தவேண்டும் என்று பாராளுமன்றத்துக்கு அறிக்கை விடுத்தார். மொழிபெயர்ப்பு ஜனங்களை ஆங்கிலம் கற்கவிடாமல் செய்கிறது, பணத்தையும் விரயமாக்குகிறது என்பது அவர் வாதம். நான் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவனல்லேன். ஒரு நோயாளிக்கு மருந்தின் அளவைச் சொல்லும் காகிதமும், ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டு எழுப்பும் நோட்டீசும் அவரவர் மொழியில் கிடைக்கவேண்டும். அதற்கு ஆகும் செலவு நியாயமான செலவு. சொல்லப்போனால், பிக்கிள்ஸ் அவர்களும் இருபது மொழி நல்வரவுக்காரர்களும் ஒரே கட்சிக்காரர்கள். இருவரும் பிரச்னை முழுவதும் மொழியில் இருப்பதாகவே நம்புகிறார்கள். ஒருவர் மொழியைக் குறை என்கிறார், மற்றவர் கூட்டு என்கிறார். கட்டிடத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

நம் எழுத்தைப் பொது இடத்தில் காண்பதில் ஒரு மன நிறைவு உண்டென்று தமிழ்ப் பற்றுள்ள நண்பர்கள் சொல்லக்கூடும். உண்டு, எனக்கும் உண்டு. 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழே தங்கள் பிரதான மொழி என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அத்தனை பேர் வரி கட்டும் நாட்டில் தமிழ் எழுத்துக்கும் ஓர் ஆசனம் வேண்டும். சவுத்ஹால் ரயில் நிலையத்தில் பஞ்சாபி எழுத்தையும், 2022-ல் வைட்சேப்பல் நிலையத்தில் வைத்த வங்காள எழுத்தையும் கண்டு அந்த ஜனங்கள் பூரித்தார்கள் என்றால் அது இயற்கை. அங்கே எழுதியிருப்பது ஊரின் பெயர். பெயர்ப்பலகை செய்யவேண்டிய வேலையை அது செய்கிறது. ஆனால் மரியாதை வேறு, மார்க்கம் வேறு. மரியாதை செய்துவிட்ட திருப்தியில் மார்க்கத்தை மறந்துவிடுவதுதான் நான் கண்ட குற்றம். கொம்பு பிறழ்ந்த தமிழை வாசலில் ஒட்டிவைப்பது மரியாதையுமாகாது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடமாவது அதைக் காட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் திருத்திக் கொடுத்திருப்பார்.

சித்திரக் குறிகள் எல்லா மொழிக்கும் பொதுவானவை என்பது அடுத்த நம்பிக்கை. இதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. 1951-52-ல் பாரதத்தின் முதல் பொதுத்தேர்தலில், எழுத்தறியாத கோடிக்கணக்கான ஜனங்கள் சின்னங்களைப் பார்த்து வாக்களித்தார்கள்; இரட்டைக் காளையும் ஆலமரமும் குடிசையும் அவர்களைக் கைவிடவில்லை. 1969-ல் மெக்சிகோ நகரத்தின் நிலத்தடி ரயில் திறக்கப்பட்டபோது, லான்ஸ் வைமன் என்ற வரைகலைஞர் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தனிச் சின்னம் வகுத்தார், அதுவும் வெற்றியடைந்தது. ஆகவே குறிகள் வெல்லும் என்பார்கள். வென்ற குறிகள் எத்தகையவை என்று பார்க்கவேண்டும். இரட்டைக் காளை எதையும் விளக்கவில்லை. அது ஒரு கட்சியின் பெயர். மெக்சிகோவில் வெட்டுக்கிளியின் சின்னம் வெட்டுக்கிளியைப் பற்றி ஒன்றும் உபதேசிக்கவில்லை. அது ஒரு நிலையத்தின் பெயர். பெயராக நிற்கும் சின்னத்தை ஒரு தடவை அறிந்துகொண்டால் போதும். பிறகு அது கைவிடாது. வாக்கியமாக முயலும் சின்னமோ, ஒவ்வொரு தடவையும் புதிதாக வியாக்கியானம் கேட்கிறது. குடையின் கீழ் நாணயம் என்பது ஒரு வாக்கியம். அதை எழுதியவருடைய வழக்கங்களிலே வளர்ந்தவர்தான் படிக்கமுடியும். வெள்ளைக்காரப் பிள்ளைக்கு அது காப்புறுதி. மாமிக்கு மழையில் விழுந்த காசு.

பல மொழியினர் புழங்கும் கட்டிடம் என்பது லண்டன்காரர் நேற்றுக் கண்டுபிடித்த புதுமையன்று. இராமேசுவரத்துக்குக் காசியிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் பல நூற்றாண்டுகளாக யாத்திரிகர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்; அவர்களில் தமிழ் எழுத்தில் ஒன்றையாவது அறிந்தவர் ஆயிரத்தில் ஒருவர் இருப்பாரோ என்னவோ. ஆயினும் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வரிசையாக நீராடி, நீண்ட பிராகாரத்தைச் சுற்றி, மூலவரைத் தரிசித்து வெளியே வருகிறார்கள். கோபுரம் தொலைவிலிருந்தே வாசல் எங்கே என்று சொல்லிவிடுகிறது. கொடிமரத்தைக் கண்டால் சந்நிதி நேர் எதிரே என்று கால் தானே நடக்கிறது. பிராகாரத்தில் எங்கே புறப்பட்டாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். மதுரையை எடுத்துக்கொண்டால், ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து நிற்க, நகரமே அந்தப் பிரகாரக் கணக்கில் அமைந்திருக்கிறது. பலகையை நம்பி எழுந்த கட்டடங்களல்ல இவை.

இவற்றைச் சொல்லும் வாயால் மற்றொன்றையும் சொல்லாவிட்டால் நான் பொய்யனாவேன். இவ்வளவு தெளிவான அதே மதுரைக் கோயிலுக்குள் நம்மவரில் தீண்டாதவரென்று ஒதுக்கப்பட்ட ஒரு பெரும் பகுதியினர் 1939 ஜூலை 8-ம் தேதி வரையில் காலெடுத்து வைக்க முடியவில்லை. அன்று காங்கிரஸ் தலைவர் மதுரை வைத்தியநாதய்யர் அந்த ஜனங்களில் சிலரை அழைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டியிருந்தது. வழி தெளிவாக இருந்தது. வாசலில் நின்ற மனிதர் அடைத்து வைத்திருந்தார். கட்டிடத்தின் அமைப்பு பாதி என்றால், வாசலில் யார் நிற்கிறார், எதற்காக நிற்கிறார் என்பது மற்றப் பாதி. நம் காலத்துப் பொது அலுவலகங்களில் சாமானியன் முதலில் சந்திக்கும் முகம் காவற்காரருடையதாக இருப்பது தற்செயலாக நேர்ந்ததாயினும், அதன் பொருள் தற்செயலானதன்று. வருகிறவரைச் சந்தேகிப்பதற்காகச் சம்பளம் வாங்கும் ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டு, அவர் தலைக்கு மேலே இருபது மொழியில் நல்வரவு எழுதினால், ஜனங்கள் எழுத்தைப் படிக்கமாட்டார்கள், அவர் முகத்தைத்தான் படிப்பார்கள். நம் நாட்டுத் தாலுகா ஆபீசுகளின் வெளியே, வேப்பமர நிழலில், ஒரு சிறு மேஜையோடு மனு எழுதுபவர் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கூலி கொடுக்கவேண்டியிருப்பது ஏழைக்குப் பாரம்தான். ஆனால் எந்த மனு, எந்த ஜன்னல், எந்தக் குமாஸ்தா என்று அவர் சொல்லி அனுப்பினால் காரியம் நடக்கிறது. அவர் செய்கிற வேலையை அரசாங்கமே கூலியில்லாமல், வாசலுக்கு உள்ளே, ஒரு நாற்காலி போட்டுச் செய்யவேண்டும் என்பதைத்தான் நான் கேட்கிறேன்.

ஸ்ட்ரெதம் ஹை ரோட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இங்கே குடியிருந்த சர்க்கரை வியாபாரி ஹென்றி டேட் 1891-ல் ஊருக்குக் கொடுத்த நூல் நிலையம் அது. பின்னால் மில்பாங்கில் டேட் சித்திரசாலையைக் கட்டிய சிட்னி ஸ்மித்தான் இதையும் கட்டினார். அந்தக் காலத்தில் அவர்கள் மனக்கண்ணில் கண்டது ஆங்கில வாசகனை மட்டுமே. சோமாலியரையோ நம்மையோ நினைத்திருக்க நியாயமில்லை. ஆனால் வாசல் ஹை ரோட்டைப் பார்த்திருக்கிறது. உள்ளே நுழைந்தவருக்குப் புத்தகங்கள் கண்ணில் படுகின்றன. கேட்பதற்கு ஆள் இருக்கிறார். நூற்றாண்டு கடந்தும் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அங்கே போய் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

109-ம் நம்பர் பஸ் போய்ச் சேரும் க்ராய்டனில்தான், 1920-களின் நடுவில், நம் சீர்காழி நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் அந்த ஊர் நூல் நிலையத் தலைவர் பெர்விக் ஸேயர்ஸிடம் பயிற்சி பெற்றார். வாசகனுடைய காலத்தைக் காப்பாற்றுவதை 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவதாக வைத்தார். அலங்காரத்தைப் பற்றிய விதி அந்த ஐந்தில் ஒன்றுமில்லை. அவர் ஆலோசனையோடு எழுந்து 1959-ல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு மாமி பள்ளிப் பருவத்தில் தனியே போய் வந்தவர். "ஒருத்தரையும் கேட்கத் தேவையில்லை, வாசல்லை நிண்டா எல்லாம் தெரியும்" என்று இன்றைக்கும் கையால் வரைந்து காட்டுகிறார். 1981-ல் அது எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அதோடு போயின. அந்தக் கட்டிடத்தின் வழி மட்டும் ஒரு கிழவியின் கையில் இருக்கிறது.

வாசலில் மனிதரை வைக்கப் பணமில்லை, வேண்டியவர் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வரும். பணம் மிச்சமாகவில்லை, செலவு வேறொருவர் கணக்குக்கு மாறியிருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு வந்து அம்மாவுக்குப் படிவம் வாசித்த குழந்தையின் ஒரு நாள் அந்தக் கணக்கில் இருக்கிறது. வேலையை விட்டு மாமியோடு போன என்னுடைய ஒரு நாளும் இருக்கிறது. எந்தக் கவுன்சிலின் வரவு செலவுப் புத்தகத்திலும் இவை ஏறவில்லை என்பதால் இவை செலவல்ல என்று ஆகிவிடாது.

நான் கேட்பதெல்லாம் மாமியின் பஸ்ஸுக்கு இருக்கும் யோக்கியதைதான். வீட்டுக்கு வரும் கடிதத்தின் தலைப்பில் பெரிதாக ஓர் எண் இருக்கட்டும். அந்த எண் அலுவலகத்துக்குள் ஒரு கதவின் மேல், வாசலில் நின்றே காணும் அளவில் எழுதியிருக்கட்டும். மாடியென்றால் படிக்கட்டு கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். முதலில் பார்க்கும் முகம் உதவுவதற்கென்று நியமிக்கப்பட்டவருடையதாக இருக்கட்டும். அதற்குப் பிறகு எத்தனை மொழியில் வேண்டுமானாலும் நல்வரவு எழுதட்டும். நானும் நின்று படித்து மகிழ்வேன்.

இந்த வட்டாரங்களில் புதுக் கட்டிடங்களுக்கும் பழைய கட்டிடங்களைச் சீர்திருத்துவதற்கும் திட்டம் போடுகிறபோது கவுன்சில்கள் நம் சங்கங்களையும் கோயில் நிர்வாகிகளையும் அழைத்து யோசனை கேட்பதுண்டு; நாமும் போய், தமிழிலும் ஒரு பலகை வேண்டும் என்று மனுக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். அடுத்த தடவை அழைப்பு வரும்போது, ஆங்கிலம் தெரியாத ஒரு தாயாரையும் அழைத்துப் போங்கள். அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அவரை வாசலில் விடச் சொல்லுங்கள். திட்டம் போட்டவர்கள் வாய் பேசாமல் பத்தடி பின்னால் நடந்து வரட்டும்.